நாளைக்கான கட்டங்கள்

போன மாதம் ஒரு சின்னக் கப்பலின் ஓய்வுநேரப் பதிவு எனக்கு மின்னஞ்சலில் வந்தது. மாலுமிகள் எந்த நேரம் வேலை செய்தார்கள், எந்த நேரம் ஓய்வெடுத்தார்கள் என்ற கணக்கு அது. முப்பது நாள், ஒன்பது பேர், ஒவ்வொரு நாளும் அரைமணி அரைமணியாக வெட்டிய கட்டங்கள். ஓய்வு விதியை மீறிய நாள் சிவப்பாகத் தெரியும்படி கணினியில் அமைத்திருக்கிறார்கள். ஒரு நாளும் சிவப்பாகவில்லை. தலை முதல் கால்வரை பச்சை. அந்த முப்பது நாளில் இரண்டு நாள் அந்தக் கப்பல் கொழும்பில் நின்றது. இரண்டாம் நாள் பின்னிரவு இரண்டரை மணிக்கு நான் அதில் ஏறி சீஃப் மேட்டோடு, கேப்டனுக்கு அடுத்த அதிகாரியோடு, கதைத்திருக்கிறேன். மழைக்கோட்டோடு ஹட்ச் ஓரத்தில், சரக்கறையின் திறப்பருகே, நின்றிருந்தார். பதிவின்படி அந்த நேரத்தில் அவர் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தார்.

பதிவை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன், முடியவில்லை. இதே கட்டங்களை 2007இல் காகிதத்தில் பார்த்திருக்கிறேன். அப்போது பென்சிலால் நிரப்பியிருந்தது. அந்த இரவைப் பற்றி வீட்டில்கூட யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

கரை என்ற இடம்

கொழும்புக்காரருக்குக் கப்பல் என்றால் காலிமுகத்திடலில் நின்று பார்க்கும்போது தெரிகிற பெட்டிக் கப்பல்தான். 1980களில் ஜய கொள்கலன் முனையம் வந்த பிறகு துறைமுகத்தின் முகமே அதுவாகிவிட்டது. ஆனால் அந்த மலைகளுக்கு நடுவே இன்றைக்கும் அறுபது, எழுபது மீற்றர் நீளக் கப்பல்கள் வந்து போகின்றன. மாலைத்தீவுக்குப் போகிறவை, தூத்துக்குடியிலிருந்து வருகிறவை, மூட்டையும் இரும்பும் சீமெந்தும் சுமக்கிறவை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த எனக்கு அவற்றின் ஊதொலியும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் மணியும் சின்ன வயதில் ஒன்றாகவே காதில் விழுந்தன. பிறகு அவற்றிலேயே வேலை கிடைத்தது. கப்பல் முகவர் அலுவலகமொன்றில் துறைமுகத்துக்குப் போய்வரும் கிளார்க். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தாள்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை.

மாலுமிகளைப் பற்றிப் பொதுவாக ஒரு நினைப்பு உண்டு. கடலில் உழைப்பு, கரையில் ஓய்வு. பெரிய கப்பலில் அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். சின்னக் கப்பலில் நடப்பது இதற்கு நேரெதிர். கப்பலை ஓட்டும் பொறுப்பில் அங்கே இருப்பவர்கள் இரண்டே பேர், கேப்டனும் சீஃப் மேட்டும். ஆறு மணி நேரம் ஒருவர், அடுத்த ஆறு மணி நேரம் மற்றவர். இந்த முறைக்காவலுக்குத்தான் வாட்ச் என்று பெயர். மாதக்கணக்கில் இப்படியே போகும். கேப்டனுக்குப் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் ஆறிலிருந்து பன்னிரண்டு. மேட்டுக்குப் பன்னிரண்டிலிருந்து ஆறு, பகலிலும் இரவிலும். அது கடினமான வாழ்க்கைதான். ஆனாலும் கடலில் இருக்கும்வரை அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. உடம்பு பழகிக்கொள்ளும்.

துறைக்கு வந்ததும் அந்த ஒழுங்கு குலைந்துபோகும். சரக்கு ஏற்றும்போது எந்த மூட்டை எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு போக வேண்டும் என்பது மேட்டின் பொறுப்பு. கப்பல் ஒரு பக்கம் சாயாமல், நிலைக்காகத் தொட்டிகளில் நிரப்பிய பாலஸ்ட் தண்ணீரை எப்போது எவ்வளவு இறைத்து வெளியேற்றுவது என்பதையும் அவரே எஞ்சினியரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று முன்னாலும் பின்னாலும் எண்களைப் பார்ப்பது, பாரம் தூக்கும் வின்ச் கம்பியைப் பார்ப்பது, கிழிந்த மூட்டையைப் பார்ப்பது எல்லாம் அவர்தான். எல்லாவற்றுக்கும் மேலே மழை. மாவு மூட்டை ஏற்றும் ஹட்சில் பத்து நிமிடம் மழை விழுந்தால் மேல் அடுக்கு முழுவதும் போய்விடும். ஆகவே மின்னல் வெட்டியதும் தூங்குகிறவர்களை எழுப்பி, மூடிகளை வின்சால் தூக்கி வைத்து, தார்ப்பாய் இழுத்துக் கட்ட வேண்டும். அரைமணி கழித்து மழை விடும். மறுபடியும் திறக்க வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கொழும்பு மழை எப்படியென்று சொல்லத் தேவையில்லை. காலையில் வெயில் கொளுத்தும், பொழுது சாய்ந்தால் இடி முழங்கும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் சின்னக் கப்பலின் மேட்டுக்குத் துறைமுகம் என்பது தூங்காமல் கழிக்க வேண்டிய இடம். கடலுக்குப் போனால்தான் அவருக்கு ஓய்வு. ஆனால் கடலுக்குப் போனதும் முதலில் அவர் செய்ய வேண்டியது வாட்ச்.

2007 ஒக்டோபர்

2006 ஓகஸ்டில் போரினால் ஏ9 வீதி, யாழ்ப்பாணத்துக்கான தரைவழி, மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்துக்குச் சாப்பாடு கப்பலில்தான் போயிற்று. மா, சீனி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம். தரைவழியில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நானூறு கிலோமீற்றர்தான். கடல்வழியில் அப்படி வடக்கே நேராகப் போய்விட முடியாது. மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே இருக்கும் மணல்திட்டுகளின் மேலே ஆழமில்லை. எனவே சரக்குக் கப்பல் தெற்கே இறங்கி, காலியைத் தாண்டி, தேவேந்திரமுனையைச் சுற்றி, கிழக்குக் கரையோரமாக மட்டக்களப்பு, திருகோணமலை, பருத்தித்துறை என்று மேலேறி, காங்கேசன்துறைக்குப் போக வேண்டும். இலங்கையை ஏறத்தாழ முழுவதும் சுற்றுகிற பயணம். மணிக்கு எட்டுக் கடல்மைல் ஓடுகிற கப்பலுக்கு எங்கும் நிற்காமல் போனாலும் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அந்தக் காலத்தில் நிற்காமல் போகவும் முடியாது. திருகோணமலைக்கு மேலே கடற்படையின் துணை வரவேண்டும்.

எங்கள் சின்ன மாமி அப்போது யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் இருந்தார். தொலைபேசி கிடைக்கும் நாட்களில் சங்கக்கடை, அதாவது கூட்டுறவுக் கடை, வரிசையைப் பற்றித்தான் கதைப்பார். விடிய நாலு மணிக்கே போய்க் கல்லை வைத்து இடம்பிடிப்பாராம். அம்மா போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசமாட்டாள். நான் வேலைக்குப் போய் மாவு மூட்டைகளைப் பார்ப்பேன். என் வேலைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று இருபத்து நாலு வயதில் முழுமனதாக நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அதனால்தான் இதைச் சொல்வது கடினமாக இருக்கிறது.

அந்தக் கப்பலில் பத்துப் பேர். ஆயிரம் தொன் அளவு ஏற்றலாம். ஐம்பது கிலோ மூட்டையில் இருபதாயிரம் மூட்டை. ஒரு தூக்கில் இருபத்தைந்து மூட்டை என்று வைத்தால் எண்ணூறு தூக்கு. கப்பலின் இரண்டு டெரிக், பாரந்தூக்கிகள், இரவு பகலாக ஓடினாலும் மழையோடு சேர்த்து இரண்டு நாள் பிடிக்கும். சீஃப் மேட் தூத்துக்குடிக்காரர். நாற்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுவார். முதல் நாள் நான் ஏறியபோது சமையல்காரர் பண்டாரியிடம் சொல்லி எனக்குப் பிளேன் டீ கொடுக்க வைத்தார். ‘தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் தோணி ஓட்டுன குடும்பம் எங்களது, தம்பி. எங்க தாத்தா இங்க வந்து வெங்காயம் இறக்கியிருக்காரு’ என்றார். அந்த ஒரு வார்த்தையில் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

இரண்டாம் நாள் பின்னிரவு இரண்டு மணிக்குச் சரக்கு ஏற்றி முடிந்தது. காலை எட்டு மணிக்கு, கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே வழிநடத்தும் பைலட் வருவார். துறையை விட்டாக வேண்டும், அடுத்த கப்பல் வெளியே நங்கூரத்தில் காத்திருக்கிறது. எண்ணிக்கையில் ஒரு வித்தியாசம் வந்தது. கரையின் கணக்குக்கும் கப்பலின் கணக்குக்கும் இருபத்தைந்து மூட்டை இடிக்கிறது. கரைக்கணக்கில் அதிகம். மேட் அப்படியே கையொப்பம் போட்டால் காங்கேசன்துறையில் குறைகிற மூட்டைக்குக் கப்பல் பதில் சொல்ல வேண்டும். ‘எண்ணிக்கை தகராறில் உள்ளது’ என்று எழுதிப் போட்டால் சரக்குக்காரருக்கு வங்கியில் சிக்கல். நாலு மணிக்குள் சுத்தமான மேட்ஸ் ரிசீட், சரக்கைப் பெற்றுக்கொண்டதாக மேட் தரும் ரசீது, வேண்டும் என்று என் மேலாளர் தொலைபேசியில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். இரண்டே முக்காலுக்கு நான் போய் மேட்டின் கேபின் கதவைத் தட்டினேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுபடி தட்டினேன். கதவைத் திறந்தபோது அவர் காலில் சப்பாத்து இருந்தது. கழற்றாமலே படுத்திருக்கிறார். எதுவும் சொல்லவில்லை. என் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டு மெஸ் மேசையில் போய் உட்கார்ந்தார். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் வரிவரியாக இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

‘இருபத்தஞ்சுன்னா ஒரு தூக்கு, தம்பி. ராத்திரி பதினொரு மணி மழைக்கு முந்தி ரெண்டாம் ஹட்ச்ல ஒரு தூக்கு பாதியில நின்னுச்சு. ஹட்ச மூடணும்னு அதைத் திரும்பக் கரையில எறக்கிட்டாங்க. மழை விட்டப்புறம் அதே தூக்கைத்தான் ஏத்துனாங்க. உங்க ஆளு ரெண்டு தடவ எழுதியிருக்காரு.’

‘எப்படி அண்ணே ஞாபகம்?’

‘நான் அங்கதான நின்னேன்.’

கரைக் கணக்கரை எழுப்பிக் கேட்டோம். ஆமாம், அப்படித்தான். தாளைத் திருத்தினார்கள். மேட் கையொப்பம் போட்டார். மூன்றரை மணி. எனக்கு வேலை முடிந்துவிட்டது. தேநீர் குடித்துவிட்டுப் போ என்று அவரே கெற்றிலைப் போட்டார். அது கொதிக்கும்வரை ஒரு ஃபைலை எடுத்து விரித்து, பென்சிலைச் சீவி, கட்டங்களை நிரப்பத் தொடங்கினார். அது அவருடைய ஓய்வுநேரத் தாள். இருபத்திரண்டு மணி முதல் நாலு மணிவரை ஓய்வு என்று கோடு இழுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பதினொரு மணிக் கட்டத்தின் மேலேயும் அந்தக் கோடு போகிறது. இப்போது என்னோடு உட்கார்ந்திருக்கிற மூன்றரை மணியின் மேலேயும் போகிறது.

‘அண்ணே, பதினொரு மணிக்கு ஹட்ச்ல நின்றதாக இப்பதானே சொன்னீங்க?’

‘ஆமா.’

‘இதில தூங்கினதா இருக்கே.’

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. ‘அப்படி எழுதலைன்னா கப்பல் காலையில கெளம்ப முடியாது, தம்பி. கெளம்பலைன்னா உங்க சனத்துக்கு மாவ யாரு கொண்டு போறது?’ என்றார். பிறகு அடுத்த நாளுக்குரிய வரிக்குப் போய் அதையும் நிரப்பினார். காலை ஆறிலிருந்து பகல் பன்னிரண்டுவரை ஓய்வு. எட்டு மணிக்கு பைலட் வருகிறார் என்பதும், அணியத்தில், கப்பலின் முன்முனையில், நின்று கயிறுகளைப் பார்க்க வேண்டியது அவர்தான் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். நாளைக்குரியதை ஏன் இப்போதே எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

‘நாளைக்கு எழுத நேரம் கெடைக்காது.’

காலையில் துறையில் நின்று பார்த்தேன். அணியத்தில் கயிறு உள்ளே வந்தபோது மேட் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றார். எனக்குக் கை காட்டினார். மணி எட்டு இருபது.

இராவணன் கோட்டை

கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. எந்த விபத்தும் இல்லை. இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் சில வருடம் இருந்தேன்.

2010 ஏப்ரலில் ‘ஷென் நெங் 1’ என்ற நிலக்கரிக் கப்பல் அவுஸ்திரேலியாவின் பெரும் பவளப்பாறைத் தொடரில் ஏறியது. இருநூறு மீற்றருக்கு மேல் நீளமான பெரிய கப்பல். வாட்சில் இருந்தவர் சீஃப் மேட். விசாரணை அறிக்கை வெளிவந்தபோது தொழில் நிமித்தம் வாசித்தேன். விபத்துக்கு முந்திய முப்பத்தெட்டரை மணி நேரத்தில் அவர் இரண்டரை மணி நேரம்தான் தூங்கியிருக்கிறார். ஏன்? கிளாட்ஸ்டன் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றுவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். கப்பல் புறப்பட்டது, அவர் வாட்சுக்குப் போனார். அவ்வளவுதான். அந்த வரியை வாசித்ததும் சப்பாத்தோடு படுத்திருந்த மனிதரின் முகம் வந்து நின்றது.

அன்றைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலை எட்டு இருபதுக்குக் கொழும்பை விட்ட கப்பல் எட்டுக் கடல்மைல் வேகத்தில் தேவேந்திரமுனையைத் தாண்டும்போது இரவு ஏழு, ஏழரை. அப்போது கேப்டன் வாட்ச், பரவாயில்லை. உலகத்தின் கிழக்கும் மேற்கும் போகிற பெரிய கப்பல்களெல்லாம் வரிசையாக ஓடுகிற இடம் அது, அங்கே கண் விழித்திருந்தவர் கேப்டன். நள்ளிரவில் மேட் மேலே வருவார். பின்னிரவு இரண்டு, இரண்டரை மணிக்குக் கப்பல் எங்கே இருக்கும்? பெரிய இராவணன் கோட்டைப் பாறைகளுக்கு வெளியே. தென்கிழக்கு மூலையில் நீருக்கடியில் மைல்கணக்கில் நீண்டு கிடக்கிற பாறைத்தொடர் அது. 1873இல் அங்கே நடுக்கடலில் வெளிச்சவீடு கட்டியதற்குக் காரணமே அவற்றில் மோதிய கப்பல்கள்தான். 1961இல் அந்தப் பாறைகளுக்கடியில்தான் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்கள் மூட்டை மூட்டையாகக் கிடைத்தன. அவற்றைச் சுமந்து போன ஏதோ ஒரு கப்பல் அங்கே முடிந்திருக்கிறது. அந்த இடத்தில், அந்த மணிக்கு, முந்தைய இரவில் நான் எழுப்பிய மனிதர் தனியாகக் கப்பலோட்டும் அறையின் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறார்.

நான் எழுப்பினேன். இதைத்தான் இத்தனை வருடமும் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். மழை ஒரு தடவை எழுப்பியது, பாலஸ்ட் ஒரு தடவை எழுப்பியது, கடைசியில் நான். இருபத்தைந்து மூட்டைக்காக.

காத்திருக்க முடியாதது

இன்றைய விதி தெளிவாகத்தான் இருக்கிறது. எந்த இருபத்து நாலு மணி நேரத்திலும் பத்து மணி ஓய்வு. அதை இரண்டுக்கு மேல் துண்டாக்கக் கூடாது, ஒரு துண்டு ஆறு மணிக்குக் குறையக் கூடாது. வாரத்துக்கு எழுபத்தேழு மணி. இந்த விதியைக் காட்டி மேட்டைக் குறைசொல்கிறவர்களை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். பொய்ப் பதிவு எழுதியது அவர்தானே என்பார்கள். 2020இல் சுவீடனின் மால்மோவில் உள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். பதிவைச் சரிக்கட்டுவது ஒரு சில ஆட்களின் குற்றமாக அவர்களுக்குத் தெரியவில்லை, துறை முழுவதும் ஊறிப்போன வழக்கமாகவே தெரிந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. பென்சில் மேட்டின் கையில் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கோட்டை இழுக்கவைத்தது கரை. பைலட் நேரத்தைத் தீர்மானித்தது கரை, நாலு மணிக்குள் ரிசீட் வேண்டும் என்றது கரை, மூன்றாவது அதிகாரி ஒருவரை வைத்தால் சம்பளம் போகும் என்று கணக்குப் பார்த்ததும் கரை. ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் வல்வெட்டித்துறையிலிருந்து கடல் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டருக்குப் போய்ச் சேர்ந்ததை நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். கடலோடிகளின் துணிச்சலைச் சொல்ல நமக்கு நிறைய வார்த்தை இருக்கிறது. அவர்களின் தூக்கத்தைச் சொல்ல ஒன்றுமில்லை.

அவசரம் உண்மையானது இல்லையா என்று என்னையே நான் கேட்டிருக்கிறேன். சின்ன மாமி கல்லை வைத்து வரிசையில் நின்றது உண்மை. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால், அந்த மூட்டைகள் அனுமதிக்காகக் களஞ்சியத்தில் பல நாள் கிடந்தன. கப்பல் துறை கிடைக்காமல் வெளியே நின்றது. திருகோணமலையில் துணைக்காக மறுபடி நின்றது. இவ்வளவு காத்திருப்பையும் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். ஏற்றி முடித்தபிறகு வெளி நங்கூரத்தில் ஆறு மணி நேரம் நிறுத்தி அந்த மனிதரைத் தூங்கவிடுவதை மட்டும் யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

இப்போது என் கையில் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது, பெரிதாக இல்லை. எண்ணிக்கை வித்தியாசம் வந்தால் விடிந்தபிறகு மேட்டிடம் போ என்று எங்கள் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். சின்னக் கப்பல் ஏற்றி முடித்த இரவுக்கு அடுத்த காலை பைலட் கேட்காதே, மதியத்துக்குக் கேள் என்கிறேன். சரக்குக்காரர் கத்துவார், நானும் கத்துவேன். சில தடவை நடக்கிறது, பல தடவை நடப்பதில்லை. போன மாதம் நடக்கவில்லை. பச்சைக் கட்டங்கள் வந்த அன்று அந்த மேட்டுக்கு எழுத நினைத்தேன், எதை எழுதினாலும் அவரைக் குற்றம் சொல்வதாக ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன். கப்பல்காரர்களுக்குத்தான் எழுதினேன், மழைக்கோட்டோடு அவர் நின்ற மணியைக் குறித்து. இன்னும் பதில் வரவில்லை.

தூத்துக்குடி அண்ணனை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. அடுத்த தடவை கப்பல் வந்தபோது வேறொருவர் இருந்தார். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டதாகப் பண்டாரி சொன்னார்.

அந்தக் கப்பல் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்து ஒரு கிழமைக்குப் பிறகு சின்ன மாமி தொலைபேசி எடுத்தார். ‘சங்கத்துக்கு மா வந்திட்டுது’ என்று அம்மாவிடம் சொல்கிறார், ரொட்டி சுட்டதைச் சொல்கிறார், குரலில் சிரிப்பு. நான் போனை வாங்கி, எந்தக் கப்பலில் வந்தது என்று தெரியுமா மாமி என்று கேட்டேன்.

‘அதை ஆரடா பாத்தது?’ என்றார். ‘நீ சாப்பிட்டியோ?’